பெட்டி பெரிதா? திரை பெரிதா?

கலியாணம் ஒரு நாளில் முடிந்து விடுகிறது. மறுநாள் பந்தலைப் பிரித்து விடுகிறார்கள். வாழை மரத்தை வெட்டிப் போடுகிறார்கள். வந்த விருந்தாளிகளும் அவரவர் ஊர் போய்ச் சேர்ந்து விடுகிறார்கள்.

மிச்சம் இருப்பது படம் ஒன்றுதான்!

பேரன் பேத்தி எடுத்த பிறகும் அந்த ஆல்பத்தைப் பிரித்து வைத்துக் கொண்டு, "இது உன் பாட்டி, இது என் தாய் மாமன்" என்று சொல்லி மகிழ்கிறார்கள். அப்படிப்பட்ட படம் கெட்டுப் போனால், போன நாளைத் திரும்பக் கொண்டு வர முடியுமா?

அந்தப் படத்தைத் திருத்தி அழகுபடுத்தும் வேலை இப்போது கம்ப்யூட்டரில் நடக்கிறது. பெரிய நகரங்களில் மட்டும் அல்ல. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே, நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் புதுச்சத்திரம் போன்ற ஊர்களிலும் நடக்கிறது.

நாமக்கல் சீமைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை லாரியும் முட்டையும். ஆனால், லாரிக்காரர் வீட்டிலும் கலியாணம் உண்டு. கோழிப் பண்ணைக்காரர் வீட்டிலும் காதுகுத்து உண்டு. ஆகவே ஸ்டுடியோவுக்கும் வேலை உண்டு.

படம் பிடிக்கத் தெரிந்த ஒரு வாலிபர் சொந்தத் தொழில் தொடங்க நினைத்தால், காமிராவுக்கு அடுத்தபடி அவர் வாங்க வேண்டியது கம்ப்யூட்டர். அதற்காக அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது. அல்லது சீட்டுப் பணம் எடுக்கப்படுகிறது. இது விளையாட்டுப் பணம் அல்ல, குடும்பத்தின் பணம்.

அந்தப் பணத்தைக் கொண்டு எதை வாங்குவது? இந்த இடத்தில்தான் பலர் தவறி விழுகிறார்கள்.

திருத்தும் கலை பழைய கலை

படத்தைத் திருத்துவது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல.

லின்னேயஸ் டிரைப் என்று ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரி இருந்தார். படம் பிடிப்பதற்கென்றே சென்னை மாகாண அரசாங்கம் அவரை நியமித்திருந்தது. சேலம் மாவட்டத்தில் ராயக்கோட்டை முதலிய இடங்களை அவர் படம் பிடித்தார். அந்தப் படங்கள் 1858-ல் ஒரு தொகுதியாக வெளிவந்தன. (ராயக்கோட்டை இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது.)

அந்தக் காலத்துக் காகித நெகடிவில் வானம் சரியாக விழாது. வெறும் வெள்ளையாகத் தெரியும். டிரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகடிவின் மேலேயே வர்ணம் தொட்டு, மேகத்தை வரைந்து சேர்த்து விடுவார்!

பிறகு ஸ்டுடியோக்கள் வந்தன. கூரான பென்சிலை வைத்துக் கொண்டு, நெகடிவில் முகப் பருவை மறைக்கும் கைகாரர்கள் இருந்தார்கள். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசாங்கத் தொழிற்சாலை 1960-ல் நிறுவப்பட்டது. 1967-ல் அங்கே உற்பத்தி தொடங்கியது. "இந்து" என்ற பெயரில் அங்கிருந்து பிலிம் வந்தது.

1975-ல் அமெரிக்காவில் கோடக் கம்பெனியின் என்ஜினீயர் ஸ்டீவன் சாசன், பிலிமே இல்லாத ஒரு காமிராவைச் செய்தார். அதில் விழுந்த படத்தில் மொத்தம் 10,000 புள்ளிகள்தான். ஒரு படத்தைப் பதிவு செய்ய 23 விநாடி ஆயிற்று. இன்று சாதாரண கலியாணக் காமிராவில் ஒரு படத்துக்கு 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள்!

1990-ல் ஃபோட்டோஷாப் வந்தது. தாமஸ் நோல், ஜான் நோல் என்ற அண்ணன் தம்பி இருவர் ஆக்கியது அது. அதைத் திறக்கும்போது தோன்றும் பெயர் வரிசையில் சீதாராமன் நாராயணன் என்ற பெயரும் பல ஆண்டுகள் இடம் பெற்றது. ஸ்டுடியோக்காரர்கள் பலருக்கு அந்தப் பெயர் மனப்பாடம்.

பென்சில் போய் மவுஸ் வந்தது. இருட்டறை போய் கம்ப்யூட்டர் அறை வந்தது. ஆனால், ஒரு பெரிய வித்தியாசத்தைப் பலர் கவனிக்கவில்லை.

அன்று திருத்துகிறவர் கையில் நெகடிவே இருந்தது. அவர் கண்ணால் பார்த்தது உண்மையான பொருள். இன்று அவர் கண்ணுக்குத் தெரிவது படம் அல்ல. படத்தைப் பற்றித் திரை சொல்லும் சேதி!

திரை பொய் சொன்னால்?

திரை ஒரு தராசு

மளிகைக் கடையில் தராசு இருக்கிறது. அரிசி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், தராசு கோணல் என்றால் வியாபாரம் கோணல்தான். அதனால்தான் அரசாங்கம் தராசைச் சோதித்து முத்திரை போடுகிறது.

ஸ்டுடியோவில் மானிட்டர்தான் தராசு. ஆனால், அதைச் சோதிக்க எந்த அதிகாரியும் வரமாட்டார். முத்திரையும் போட மாட்டார். சொந்தக்காரரே சோதித்துக் கொள்ள வேண்டும்.

மானிட்டர் எப்படிப் பொய் சொல்லும்? இரண்டு விதமாகச் சொல்லும்.

முதல் பொய், வெளிச்சம். கடையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக, மானிட்டரின் வெளிச்சத்தை வெகுவாக ஏற்றி வைத்திருப்பார்கள். படம் வெளிச்சமாகத் தெரிகிறது. "கொஞ்சம் குறைக்கலாம்" என்று ஸ்டுடியோக்காரர் படத்தை இருட்டாக்கி விடுகிறார். அதைக் கலர் லேபுக்கு அனுப்புகிறார். லேபில் இருந்து படம் இன்னும் இருட்டாக வருகிறது!

இரண்டாவது பொய், நிறம். பல மானிட்டர்கள் பெட்டியைப் பிரிக்கும்போதே நீலம் கலந்த வெள்ளையைக் காட்டும். மணப்பெண் முகம் நீலம் பாய்ந்தது போல் தெரிகிறது. ஸ்டுடியோக்காரர் மஞ்சளைச் சேர்க்கிறார். பிரிண்ட் போட்டால் பெண்ணுக்கு மஞ்சள் காமாலை கண்டது போல் இருக்கிறது.

அரக்குப் பட்டு காப்பிக்கொட்டை நிறமாகிறது. மாம்பழ நிறம் சாணி நிறமாகிறது. பெண்ணின் தாயார் ஆல்பத்தைப் பிரித்துப் பார்த்து விட்டு, "இது எங்க புள்ளைக்கு எடுத்த சீலையே இல்லீங்களே, தம்பி!" என்கிறார்.

அப்புறம் என்ன? ஆல்பத்தைத் திரும்ப அடிக்க வேண்டும். அதன் செலவு ஸ்டுடியோக்காரர் தலையில். மீதிப் பணமும் நிற்கும். பேரும் கெடும். சிறிய ஊரில் பேர் கெட்டால் தொழில் கெட்டது போலத்தான்.

தப்பு எங்கே? காமிராவில் இல்லை. கைத்திறமையில் இல்லை. தராசில்!

சப்பரம் போல் ஒரு பெட்டி

இப்போது கடைக்குப் போய்ப் பார்த்தால், கண்ணாடி வைத்த பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என்று விளக்கு எரிகிறது. திருவிழாச் சப்பரம் மாதிரி இருக்கிறது!

"இதிலே எந்த கேமும் ஓடும், தம்பி" என்கிறார் கடைக்காரர். வாலிபருக்கு ஆசை வந்து விடுகிறது. பணத்தில் பத்தில் ஒன்பது பங்கைப் பெட்டிக்குக் கொடுத்து விடுகிறார். மிச்சம் இருக்கும் ஒரு பங்குக்கு, மூலையில் கிடக்கும் மலிவு மானிட்டர் ஒன்று தலையில் கட்டப்படுகிறது.

விளையாட்டுக்கு வேகம் வேண்டும். படம் திருத்தும் தொழிலுக்கு முதலில் உண்மை வேண்டும். வேகம் குறைந்தால் ஐந்து நிமிடம் காத்திருக்கலாம். நிறம் தவறினால் ஆல்பமே போய் விடும்.

வெளுத்ததெல்லாம் பால் அல்ல. பளபளப்பதெல்லாம் நல்ல திரையும் அல்ல.

நல்ல திரையை எப்படிக் கண்டுபிடிப்பது?

பட்டுப் புடவை வாங்கப் போகும் பெண்களைப் பாருங்கள். கடை விளக்கை நம்ப மாட்டார்கள். புடவையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்து, திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அந்தப் புத்திதான் இங்கேயும் வேண்டும்.

கடைக்குப் போகும்போது மூன்று படங்களைப் பென் டிரைவில் எடுத்துச் செல்ல வேண்டும். ஒன்று, பூ வைத்த கருங்கூந்தல். இரண்டு, வெள்ளை வேட்டி. மூன்று, பட்டுப் புடவை கட்டிய ஒரு பெண்ணின் முகம். நல்ல லேபில் போட்ட அதே படங்களின் பிரிண்டும் கையில் இருக்க வேண்டும்.

கூந்தல் ஒரே கறுப்பாக அப்பிக் கொள்ளாமல் இழை இழையாகத் தெரிகிறதா? வேட்டியின் மடிப்பு தெரிகிறதா, சுண்ணாம்பு அடித்தது போல் இருக்கிறதா? முகமும் புடவையும் பிரிண்டில் இருக்கும் நிறத்தோடு ஒத்துப் போகின்றனவா?

பிறகு வலது பக்கம் நகர்ந்து பார்க்க வேண்டும். இடது பக்கம், மேலே, கீழே என்று பார்க்க வேண்டும். பார்க்கும் இடம் மாறும்போது நிறமும் மாறினால் அந்தத் திரை வேண்டாம். "டி.என்." என்ற வகைத் திரைகளில் இந்தக் கோளாறு அதிகம். "ஐ.பி.எஸ்." என்ற வகையில் குறைவு. ஆகவே, "ஐ.பி.எஸ். திரைதானா?" என்பது கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி: "எஸ்.ஆர்.ஜி.பி. நிறங்கள் நூற்றுக்கு எத்தனை வரும்?" எஸ்.ஆர்.ஜி.பி. என்பது நிறங்களுக்கு உலகம் ஏற்றுக் கொண்ட ஓர் அளவு. 1996-ல் முன்வைக்கப்பட்டு, 1999-ல் சர்வதேசத் தரம் ஆயிற்று. பெரும்பாலான கலர் லேபுகள் இந்த அளவில்தான் படத்தைக் கேட்கின்றன. ஆகவே, நூற்றுக்கு நூறு அல்லது அதற்கு வெகு அருகில் வரும் திரை வேண்டும். இதைவிட அகன்ற நிற அளவுகளும் உண்டு. அவற்றுக்கு விலை அதிகம். லேபே கேட்காதபோது அதற்குப் பணம் கொடுப்பது வீண்.

மூன்றாவது கேள்வி, அளவு. 24 அங்குலத்துக்குக் குறைந்தால் வேலை செய்வது சிரமம். 27 அங்குலம் என்றால் 2560-க்கு 1440 புள்ளிகள் இருப்பது நல்லது. கண்ணாடி போல் முகம் தெரியும் திரையைவிட, மங்கல் பூச்சு உள்ள திரை மேல்.

144 ஹெர்ட்ஸ், 1 மில்லி செகண்ட் என்று அட்டையில் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அவை விளையாட்டுக்கு உரியவை. படம் நகரப் போவதில்லை!

தராசுக்கு முத்திரை

நல்ல திரை வாங்கினால் மட்டும் போதாது. அதைச் சரி செய்ய வேண்டும்.

அதற்கு "கலரிமீட்டர்" என்று ஒரு சிறிய கருவி இருக்கிறது. மவுஸ் அளவுதான் இருக்கும். திரையின் மேல் தொங்க விட்டால், ஒவ்வொரு நிறத்தையும் அளந்து, எவ்வளவு கோணல் என்று கண்டுபிடித்துத் திருத்தி விடும். திரையைப் போட்டு அரை மணி நேரம் கழித்து அளக்க வேண்டும். மாதம் ஒரு முறை அளந்தால் நல்லது.

இந்தக் கருவியை ஒவ்வொருவரும் வாங்க வேண்டியது இல்லை. புதுச்சத்திரம், இராசிபுரம், நாமக்கல் வட்டாரத்து ஸ்டுடியோக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றில் விடலாம். நெல் அறுக்கும் யந்திரத்தைப் பலர் பயன்படுத்திக் கொள்ளவில்லையா? அது போலத்தான்.

திரையின் வெளிச்சத்தை 80 முதல் 120 கேண்டெலா வரை வைப்பது பிரிண்ட் வேலைக்குப் பொருந்தும். கருவி வாங்கும் வரையில், ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்க்கலாம். திரையின் வெள்ளை அந்தத் தாளைவிட மின்னினால், வெளிச்சம் அதிகம் என்று பொருள்.

அறையையும் கவனிக்க வேண்டும். சுவருக்குப் பச்சை, ரோஸ் என்று அழுத்தமான வர்ணம் அடித்திருந்தால், அந்த நிறம் கண்ணை ஏமாற்றும். சாம்பல் அல்லது மங்கிய வெள்ளை நல்லது. வாசல் வெயில் திரையில் விழக் கூடாது.

பெட்டிக்குள் என்ன வேண்டும்?

பெட்டி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தேவையான அளவு போதும் என்பதுதான் பேச்சு.

பெட்டிக்குள் ஒரு வேலையாள் இருக்கிறான், அவன்தான் பிராசஸர். அவனுக்கு ஒரு மேஜை இருக்கிறது, அதுதான் ரேம். சாமான்களை அடுக்கி வைக்க ஒரு பீரோ இருக்கிறது, அதுதான் டிஸ்க்.

மேஜை சிறியது என்றால் வேலையாள் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் பயன் இல்லை. 2 கோடியே 40 லட்சம் புள்ளிப் படம் ஒன்றைத் திறந்தால், அதற்கு மட்டும் 72 எம்.பி. இடம் வேண்டும். நுட்பமான வேலை என்றால் 144 எம்.பி. வேண்டும். ஆல்பப் பக்கத்தில் ஒன்றன் மேல் ஒன்றாகப் பல படங்களை அடுக்கும்போது, இது பல மடங்கு ஆகிறது. ஆகவே ரேம் 16 ஜி.பி.க்குக் குறையக் கூடாது. 32 ஜி.பி. என்றால் தாராளம். இப்போது 16 வாங்கி, பிறகு சேர்க்க இடம் விட்டு வைப்பதும் புத்திசாலித்தனம்.

பீரோவில் இரண்டு வகை. பழைய ஹார்டு டிஸ்க் சுற்றிச் சுற்றித் தேடும். எஸ்.எஸ்.டி. சட்டென்று எடுத்துக் கொடுக்கும். வேலை செய்ய எஸ்.எஸ்.டி.; பழைய படங்களைச் சேர்த்து வைக்க ஹார்டு டிஸ்க். இதுதான் சிக்கனமான ஏற்பாடு.

கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று உண்டு. படம் திருத்துவதற்கு நடுத்தரமானது போதும். படத்தின் புள்ளி இரைச்சலைத் தானே நீக்கும் புதிய வசதிகளை நாள் முழுவதும் பயன்படுத்துகிறவர்களுக்குத்தான் உயர்ந்த கார்டு தேவை.

பழைய கம்ப்யூட்டர் மலிவாகக் கிடைக்கிறது என்று ஓடக் கூடாது. விண்டோஸ் 10-க்கு அளித்து வந்த பொதுவான ஆதரவை மைக்ரோசாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தி விட்டது. "விண்டோஸ் 11 ஏறுமா?" என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

திருட்டு சாப்ட்வேரும் வேண்டாம். அதனுடன் சேர்ந்து வரும் வைரஸ், எல்லாப் படங்களையும் பூட்டி விட்டுப் பணம் கேட்கும். மாதக் கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு கிம்ப், டார்க்டேபிள் போன்ற இலவச சாப்ட்வேர்கள் இருக்கின்றன. இவற்றைப் பயன்படுத்துவது சட்டப்படி சரி.

சுவர் இருந்தால்தான் சித்திரம்

ஒரு கலியாணத்துக்கு 2,000 படம் எடுத்தால், 50 ஜி.பி.க்கு மேல் ஆகிறது. அது முழுவதும் ஒரே டிஸ்க்கில் இருக்கிறது. அந்த டிஸ்க் ஒரு நாள் நின்று போனால்?

கலியாணத்தைத் திரும்ப நடத்த முடியாது. தாலி கட்டிய நேரம் திரும்ப வராது. படத்தில் இருந்த தாத்தா, ஆல்பம் வருவதற்குள் காலமாகி இருக்கவும் கூடும்.

ஆகவே, ஒவ்வொரு படத்துக்கும் மூன்று பிரதி இருக்க வேண்டும். ஒன்று கம்ப்யூட்டரில். ஒன்று தனி டிஸ்க்கில். ஒன்று வேறு ஒரு வீட்டில். ஆல்பம் கொடுத்துப் பணம் வாங்கும் வரைக்கும் காமிரா கார்டை அழிக்கவே கூடாது.

மின்சாரம் திடீரென்று போகும், ஏறும், இறங்கும். யூ.பி.எஸ். இல்லாமல் இந்தத் தொழிலில் இறங்குவது, பிரேக் இல்லாத லாரியை மலைப் பாதையில் ஓட்டுவது போல. எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்க்க வேண்டும். நெடுஞ்சாலைப் புழுதியும் தீவன மில் தூசியும் பெட்டிக்குள் புகும். அவ்வப்போது துடைக்க வேண்டும்.

பத்துப் பங்கு கணக்கு

கையில் உள்ள பணத்தைப் பத்துப் பங்காகப் பிரித்தால், ஐந்து பெட்டிக்கு. மூன்று திரைக்கும், திரையை அளக்கும் கருவிக்கும். இரண்டு யூ.பி.எஸ்., தனி டிஸ்க் ஆகிய பாதுகாப்புக்கு. திரையை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். பெட்டி பிறகு.

கந்து வட்டிக்குக் கடன் வாங்க வேண்டாம். 2015-ல் தொடங்கிய பிரதம மந்திரி முத்ரா திட்டத்தில் 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரையிலும், 'கிஷோர்' பிரிவில் 5 லட்சம் ரூபாய் வரையிலும் பாங்கிகள் கடன் தருகின்றன. ஈடு கேட்பது இல்லை.

பில் வாங்காமல் கடையை விட்டு வரக் கூடாது. திரையில் செத்த புள்ளி இருந்தால் மாற்றித் தருவார்களா என்று முன்பே கேட்டுக் கொள்ள வேண்டும். ஏமாற்றப்பட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

வீட்டில் போனில் எடுத்த படங்களை வைத்துக் கொண்டு மகிழும் குடும்பங்களுக்கு இவ்வளவு செலவு தேவையே இல்லை. இருக்கும் கம்ப்யூட்டரே போதும். ஆனால், பிரதி எடுத்து வைக்கும் பழக்கம் அவர்களுக்கும் வேண்டும். பூஞ்சை பிடித்துக் கொண்டிருக்கும் தாத்தா பாட்டி படங்களை ஸ்கேன் செய்து வைப்பதும் நல்லது.

கடைக்காரர்களும் கேட்க வேண்டும்

வாங்குகிறவர்களுக்கு மட்டும் புத்தி சொன்னால் போதாது. விற்கிறவர்களுக்கும் கடமை உண்டு.

மானிட்டரை அட்டைப் பெட்டியோடு தூக்கிக் கொடுத்து விட்டு, "எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்வது வியாபார தர்மம் அல்ல. மின்சாரம் கொடுத்து, வாங்குகிறவரின் சொந்தப் படத்தைப் போட்டுக் காட்ட வேண்டும். துணிக் கடைக்காரர் நூறு புடவையை விரித்துக் காட்டும்போது, இவர்கள் நாலு திரையைப் போட்டுக் காட்டக் கூடாதா?

கலர் லேபுக்காரர்களும் உதவ வேண்டும். புதிதாக வரும் ஸ்டுடியோக்காரருக்கு ஒரு சோதனை பிரிண்டைக் கொடுத்து, "உங்கள் திரை இதைப் போல் காட்டுகிறதா, பாருங்கள்" என்று சொன்னால், இரண்டு பேருக்கும் நஷ்டம் மிச்சம்.

பெரியவர்களும் கவனிக்க வேண்டும். மகன் கம்ப்யூட்டர் கேட்டால், "எவ்வளவு?" என்று மட்டும் கேட்டு நிறுத்திக் கொள்ளக் கூடாது. "திரைக்கு எவ்வளவு வைத்திருக்கிறாய்? படம் அழிந்து போனால் என்ன செய்வாய்?" என்றும் கேட்க வேண்டும். இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத் தைரியமாகப் பணம் கொடுக்கலாம்.

பெட்டி ஐந்து ஆண்டில் பழசாகும். விளக்கும் அணையும். அரக்குப் பட்டு அரக்காகவே தெரியும் ஆல்பம், அந்த வீட்டில் மூன்று தலைமுறை இருக்கும்!